கூடையோடு நிற்கமாட்டேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நானுஓயாவில் ரயில் ஏறும்வரை நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலோரம் இடம் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாய். அப்பா மேடையில் நின்று கை காட்டினார். நான் காட்டவில்லை. இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை. வீட்டுக்கு வந்து நாள் ஆன பிறகும் மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். நேரில் சொன்னதையே எழுத்திலும் சொல்கிறேன்: அந்தப் படத்துக்கு நான் நிற்கமாட்டேன். உன் ஆபீசில் இதை யார் வாங்கிப் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. படிக்கட்டும், வேண்டுமானால் சுவரில் ஒட்டியும் வைக்கட்டும். பத்தாம் வகுப்புவரை படித்தவள் நான். என் பக்கத்து நியாயத்தை எழுத எனக்கு ஆள் வேண்டாம்.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஒரு பழக்கம் உண்டு, சண்டை முடிந்ததும் கதையை உன் பக்கமாகத் திருப்பிச் சொல்வாய். கொழும்பில் நீ வேலை செய்கிற விளம்பரக் கம்பனிக்கு, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு தேயிலைக்குப் புது பக்கெட் உறை செய்கிற வேலை வந்திருக்கிறது. அதன் முன்பக்கத்தை வரைய உன்னிடம் கொடுத்தார்கள். நீ வரைந்ததை உன் ஆபீஸ் பெரியவர் ஒதுக்கி வைத்துவிட்டு, கூடை சுமந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்தான் வேண்டும் என்றார். அதன்பிறகு உன் ஊர் எது என்று விசாரித்திருக்கிறார். நீயும் சொல்லியிருக்கிறாய். "அம்மாவே தோட்டத்துல இருக்கும்போது மொடலுக்கு எதுக்குச் செலவழிக்கணும்? அவங்களையே நிக்க வையுங்க" என்றாராம். படம் சரியாக வந்தால் உன் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னாராம். வராவிட்டால் என்ன ஆகும் என்று நீ வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது.

நீ கொண்டுவந்த பெட்டியைப் பாயில் கவிழ்த்தாய். மினுங்குகிற சிவப்புச் சேலை, வெள்ளி மாதிரிப் பூச்சு பூசிய மூக்குத்தி, கை நிறையக் கண்ணாடி வளையல், கண்டிக் கடைகளில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற பிரம்புக் கூடை ஒன்று. அந்தக் கூடை நிறையக் கொழுந்து பறித்தாலும் ஒரு வீட்டுத் தேத்தண்ணிக்குக் காணாது. ரொட்டிக்குத் தேங்காய் கேட்க வந்த பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாக்கா, தம்பிக்குப் பொண்ணு பாத்தாச்சா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல!"

"பொண்ணு நான்தான்டி. இதக் கட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போறேனாம்."

"இதக் கட்டிக்கிட்டா? மலைக்கா? கால்ல ஏறுற அட்டகூட வெக்கப்பட்டு எறங்கிப் போயிரும்க்கா!"

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீ சிரிக்கவில்லை. பாக்கியம் போன பிறகு, "ஒரு படந்தானேம்மா. ஒரு நிமிசம் நின்னீங்கன்னா முடிஞ்சிரும்" என்றாய். சிரித்துக்கொண்டிருந்த அப்பாவும் உடனே உன் கட்சிக்கு மாறி, "நின்னுட்டுத்தான் போயேன், புள்ள கேக்குறான்ல" என்றார். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாய். "மாட்டேன்னா மாட்டேன்தான்" என்றேன். அது ஒரு பதிலா என்று நீ முறைத்தாய். பதில் இருக்கிறது, தம்பி. உனக்கு முன்னால் கோபத்தில் அது வாய்க்கு வரவில்லை.

நீ பிறந்த காலத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அப்போதே கூடை போய்ச் சாக்கு வந்துவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மலை ஏறி, நிறைந்த சாக்கைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொண்டுபோய் வைத்தால், எல்லாச் சாக்கும் ஒரே மாதிரி ஈரமும் பச்சையுமாகக் கிடக்கும். அதனால் எங்கள் டிவிசனில் ஒவ்வொருத்தியும் தன் சாக்கில் கலர் நூலால் ஓர் அடையாளம் தைத்து வைத்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள்கூடப் பெயரைத் தைக்கமாட்டாள். பனிமூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்துத் தெரியாது, உருவம்தான் தெரியும். பாக்கியத்துக்குச் சீப்பு. மேரிக்குக் கோயில் மணி. செல்வராணியின் புருசன் தேயிலைச்செடி கவ்வாத்து வெட்டுகிறவன், அவளுக்கு அந்த வளைந்த கத்தி. எனக்கு மீன். நான் தைக்கத் தொடங்கியது என்னவோ கொழுந்து இலையைத்தான். காம்பு இரண்டாகப் பிரிந்து வால் மாதிரி வந்துவிட்டது. பிரித்துத் தைக்கச் சோம்பல்பட்டு, கண் ஒன்று வைத்து மீனாக்கிவிட்டேன். குழந்தைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் பால்போத்தலுக்கும் அதே அடையாளம்தான். உன் போத்தலில் என் மீன் இருந்தது. நீ பேசத் தொடங்கியபோது அம்மா என்றதற்கு அடுத்ததாக மீனு என்றாய்.

பிற்பாடு எனக்கே பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை கிடைத்தது. நீ பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வந்துவிடுவாய். ஒருமுறை புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், தெரியாமல் அவளும் சீப்பையே தைத்துவிட்டாள். மடுவத்தில் சாக்கு மாறி, பாக்கியமும் அவளும் முடியைப் பிடிக்காத குறை. கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். புதுப்பெண்ணை வேறு அடையாளம் தைக்கச் சொன்னால் அவள் அழுகிறாள், அவளுடைய அம்மாவின் அடையாளமாம். பொடியன் நீ நடுவில் புகுந்து, "ஒரு சீப்புல ஒரு பல்ல ஒடச்சிட்டாப் போதுமே" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் அதைத்தான் செய்தார்கள். உடைந்த சீப்பு பாக்கியத்துக்கு வந்தது, அவளைப் பொக்கைவாயி என்று கொஞ்சநாள் கேலி செய்தோம். உன் கம்பனியில் பெரிய பெரிய பெயர் சொல்லி என்னென்னவோ கற்றுக்கொடுக்கிறார்களாம். அன்றைக்கு நீ செய்ததுதான் உன் முதல் டிசைன் என்று நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

இனி, ஏன் நிற்கமாட்டேன் என்பதற்கு வருகிறேன். இதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் போகாத வயதில் ஒருநாள் நாங்கள் பறித்துக்கொண்டிருந்த மலைக்கு ஒரு வேன் வந்தது. கழுத்தில் கமெரா தொங்கிய ஒரு மனிதர், கூடவே தோட்டத்துத் துரையின் ஆள். நாலைந்து பேரைத் தெரிந்தெடுத்தார்கள், நானும் ஒருத்தி. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். சாக்கை எல்லாம் செடிக்குப் பின்னால் மறைக்கச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு கூடை கொடுத்தார்கள். முக்காட்டுக்குப் புதுத்துணி, காதுக்குத் தொங்கட்டான். பனி விலகும்வரை காத்திருந்து, பிறகு சிரி என்றார்கள். சிரித்தோம். காலில் அட்டை கடித்துக்கொண்டிருந்தது, குனிந்து எடுக்க விடவில்லை, படம் கெட்டுவிடுமாம். அதற்குள் காலை நிறுவை முடிந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் சாக்குக்கு அரைப்பேர்தான் போட்டார்கள், அரைநாள் சம்பளம்.

பிறகு ஒரு தைப்பொங்கலுக்கு முன்னால் உன் காலுக்குச் சப்பாத்து வாங்க நுவரெலியாவுக்குப் போனோம். கடைச் சுவரில் ஒரு கலண்டர். அதில் நாங்கள். உன்னைத் தூக்கிக் காட்டி, "இது யாரு சொல்லு?" என்றேன். நீ பார்த்தாய், பார்த்துக்கொண்டே இருந்தாய். உனக்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம், "அதுல நடுவுல நிக்கிறது நாந்தாங்க" என்றேன். அவர் சப்பாத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "இங்க வார எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார். நான் உன்னை இறக்கிவிடப் போனேன். அப்போது நீ படத்தின் ஓரத்தைக் கையால் தட்டி, "அம்மா, மீனு! ஒங்க மீனு!" என்று கத்தினாய். சரியாக மறைக்காத என் சாக்கு செடிக்கடியில் பாதி தெரிந்தது.

என் வயிற்றுப் பிள்ளைக்கு என் முகம் தெரியவில்லை, தம்பி. அந்தச் சிரிப்பும் தொங்கட்டானும் போட்ட பெண்ணை நீ அதற்குமுன் பார்த்ததே இல்லையே, எப்படித் தெரியும்? நான் தைத்த மீன்தான் உனக்குத் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பக் கந்தப்பளைக்கு பஸ் ஏறியபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் நானுஓயா ரோட்டில் வேன்கள் நிற்கின்றன, இறங்கி எங்கள் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்கிறார்கள், படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போகிறவர்களைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் என் மகன் பெட்டியில் சேலை கொண்டுவந்து என் வீட்டுப் பாயில் கொட்டினால் அதைத் தடுக்க முடியும், தடுத்துவிட்டேன்.

நீ வேறு மாதிரிப் பார்க்கத் தெரிந்தவன் என்பதால்தான் இவ்வளவு கோபம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாயே, ஒருநாள் என்னையும் கூட்டிப்போய் உன் பக்கத்தில் உட்கார வைத்தாய். ஒரு ரோஜாப்பூப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாய். பூ போய், இதழ் போய், கடைசியில் கட்டம் கட்டமாகச் சிவப்பும் கறுப்பும் நின்றது. "இதானேடா, தலகாணி உறையில குறுக்குத் தையல் போடுறது" என்றேன். பாடம் சொல்லித்தருகிற உன் சேர் உட்கார்ந்திருந்த கதிரையோடு திரும்பிப் பார்த்தார். இன்டர்நெட்டில் எங்கோ ஒரு தேசத்துப் பையன் அதே கட்டங்களை வைத்துத் தன் தெருவை வரைந்திருந்ததைக் காட்டினாய். விளக்குக்கம்பம், குப்பைவாளி, சுவரில் சாத்திய சைக்கிள், வேறொன்றுமில்லை. எனக்கும் பிடித்திருந்தது. திரும்பிவருகிற பஸ்ஸில், "அவன் வீட்டு வாசல்ல கெடக்குறதத்தாம்மா அவன் வரஞ்சிருக்கான். நம்ம வீட்டுல என்னா இல்ல?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு ஹட்டனிலிருந்து வீடுவரைக்கும் நிறுத்தாமல் பேசினாய்.

அன்றிலிருந்து வீட்டில் எதையும் எறிய விட்டாயா? தீப்பெட்டி, சூடப் பக்கெட், சவர்க்கார உறை, பிஸ்கட் டின் மூடி, எல்லாம் உனக்கு வேண்டும். தேயிலை அரிப்பு வலையைத் தாளுக்கடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்தாய். காம்பராச் சுவரில் குளிருக்கு ஒட்டியிருந்த பழைய பத்திரிகையில் பெரிய எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்தாய், அந்த ஓட்டை வழியாக வந்த காற்றில் அப்பாவுக்குத் தடிமன் பிடித்தது. "இவனுக்கு வெசரு, பைத்தியம் புடிச்சிருச்சு" என்று அவர் கத்தினார். நான் உன் பக்கம் நின்றேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, நீ வரைந்ததெல்லாம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் நீ குனிந்து பார்த்த பொருளையெல்லாம் நானும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். சூடப் பக்கெட்டில் அவ்வளவு அழகான பச்சை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது உன் பெரியவர் ஒதுக்கிய அந்த டிசைனுக்கு வருகிறேன். நீ அதைப் பெட்டியின் அடியில் மடித்துப் போட்டிருந்தாய், நீ குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். பச்சையில்லாத ஒரு தேயிலைப் பக்கெட். பழுப்புச் சாக்கு நிறம், அதில் வரிசை வரிசையாக அடையாளங்கள். உடைந்த பல்லோடு சீப்பு. மணி. கத்தி. என் மீன், அதன் கோணல் வாலோடு. ஒவ்வொன்றும் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது, தைத்ததா கம்ப்யூட்டரில் செய்ததா என்று சொல்லமுடியவில்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சந்தோசம்தான், வேறென்ன. எங்களை ஒருவரும் இப்படிப் பார்த்து வரைந்ததில்லை. இதைச் செய்த கையால் நீ அந்தச் சிவப்புச் சேலையையும் எடுத்துக்கொண்டு வந்தாயே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. ஏன் ஒதுக்கினார் என்று கேட்டதற்கு, "கோடு கோடா இருக்கு, இது யாருக்கு வெளங்கும்னு கேட்டாரும்மா" என்றாய். அவர் கேட்டால் உனக்கு வாய் இல்லையா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பங்கு அறை பிடித்து, தமிழன் என்பதற்காகப் பொலிசில் பதிந்து, சந்திக்குச் சந்தி அடையாள அட்டையைக் காட்டி நீ அந்த வேலைக்குப் போய்வருகிற பாடு எனக்குத் தெரியும். வேலை போனால் உனக்கு எவ்வளவு வலிக்கும் என்றும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், என் பெயரைச் சொல்லிப் பழியை என்மேல் போடு. தாய்க்காரி ராங்கி பிடித்தவள், ஒத்துவரவில்லை என்று சொல். அதிலும் பொய் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தோடு அனுப்புகிற அந்தத் தாளை நிமிர்த்தி இன்னொருமுறை அவர் மேசையில் வை. திரும்பவும் ஒதுக்கினால் இன்னொரு கம்பனிக்குக் கொண்டுபோ. ஒருவரும் வாங்காவிட்டால் வீட்டுக்கு வா, ஹட்டனில் கல்யாணக் கார்டு அடித்துப் பிழைக்கலாம், கார்டுக்கும் டிசைன் வேண்டும்தானே. யாரோ ஒருத்தி சிவப்புச் சேலையில் கூடையோடு நின்று அந்த பக்கெட் வெளியே வரத்தான் போகிறது என்றால் வரட்டும். அதில் நிற்பது நானாக இருக்கக்கூடாது, அதைச் செய்தது நீயாகவும் இருக்கக்கூடாது.

இவ்வளவு உனக்காகப் பேசிவிட்டேன், இனி உனக்கு எதிராகவும் ஒன்று பேசவேண்டும். பாக்கியத்தின் சீப்பையும் மேரியின் மணியையும் எடுத்தாயே, அவர்களிடம் கேட்டாயா? கமெராக்காரரும் எங்களைக் கேட்கவில்லை. அவர் முகத்தை எடுத்தார், நீ அடையாளத்தை எடுத்திருக்கிறாய். நம்ம பையன் என்பதற்காக விட்டுவிட முடியாது. அதனால் நீ போன மறுநாள் நானே கேட்டேன். வேலை விட்டுப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எடுக்க வந்தவர்களிடம், நீ வீட்டிலேயே விட்டுப்போன உன் தாளை விரித்துக் காட்டினேன். ஒரே கூச்சல். ஒவ்வொருத்தியும் தன்னதைத் தேடி விரல் வைத்தாள். "கத்தி சின்னதா இருக்கே, கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லுங்க" என்றாள் செல்வராணி. மேரி மணியைத் தொட்டுக் கும்பிட்டாள். பாக்கியம், "பல்லு ஒடஞ்சது வெளிநாடு வரைக்கும் போவுதா!" என்று தலையிலடித்துக்கொண்டு, போகட்டும் என்றாள்.

முத்தம்மா மட்டும் விரல் வைக்கவில்லை. கீழ் லயத்து முத்தம்மா, அதிகம் பேசாதவள், உனக்குத் தெரியும். கடைசி வரிசையில் இரண்டு கோடும் நடுவில் ஒரு புள்ளியுமாக அவளுடையதைப் போட்டிருக்கிறாய். எல்லாரும் போன பிறகு தாளை என் கையில் கொடுத்து, "என்னோடத எடுத்திருங்கக்கா. நான் குடுக்கமாட்டேன்" என்றாள். "ஏன்டி, நல்லாத்தானே போட்டிருக்கான்?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு. குடுக்கமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் திரும்பக் கேட்கவில்லை. அவளைத் திரும்பக் கேட்டால், சேலையோடு வந்து நீ என்னைக் கேட்டது சரியாகிவிடும்.

ஆகவே அவளுடையதை எடுத்துவிடு. எடுத்த இடத்தில் பூவையோ கொழுந்தையோ வேறு எதையோ வைத்து நிரப்பாதே, மற்றவர்களை நகர்த்தி மூடவும் வேண்டாம். வரிசையில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். உன் பெரியவர் அதில் விரல் வைத்து, இங்கே என்ன விடுபட்டிருக்கிறது என்று கேட்பார். ஒன்றும் விடுபடவில்லை என்று சொல். அங்கே ஒருத்தி இருக்கிறாள், தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

உன் அம்மா